புரோசெக்கோவுக்கு நெத்தோலி பொருந்துமா? வாசகர் கேள்வி – பதில்

கப்பல் வேலையிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியில் புரோசெக்கோ என்ற இத்தாலிய நுரை ஒயினைக் கொண்டுவருவது நம் குமரி மாவட்டத்தில் சாதாரணமாகிவிட்டது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலவும் அந்தப் பாட்டிலைப் பற்றியவை. அவற்றிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் மது வாங்கவும் அருந்தவும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பதில்கள்.

கேள்வி: மைத்துனர் இரண்டு பாட்டில் புரோசெக்கோ கொண்டுவந்தார். ஒன்றில் 'புரூட்', மற்றதில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று இருந்தது. டிரை என்றால் இனிப்பே இருக்காது என்று நினைத்து அதைத் திறந்தோம். அதுதான் இனித்தது. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்களா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: லேபிள் சரியாகத்தான் இருக்கிறது. நுரைக்கும் ஒயின்களுக்கு ஐரோப்பிய விதி வகுத்திருக்கும் அளவு இது: ஒரு லிட்டரில் 12 கிராம் வரை சர்க்கரை இருந்தால் புரூட், 12 முதல் 17 கிராம் வரை எக்ஸ்ட்ரா டிரை, 17 முதல் 32 கிராம் வரை டிரை. ஆகவே இந்த மூன்றில் இனிப்பு குறைந்தது புரூட், கூடியது டிரை. புரூட்டைவிடக் குறைவாக வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா புரூட், அதாவது 6 கிராம் வரை. புரோசெக்கோவில் பழைய வழக்கப்படி அதிகம் வருவது எக்ஸ்ட்ரா டிரைதான். நம் சாப்பாட்டுக்கு அது நல்லதும்கூட. காரணம் அடுத்த பதிலில்.

லேபிளில் இன்னும் சில சொற்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்புமாந்தே' என்றிருந்தால் முழு நுரை, கம்பிக்கூடு போட்ட கார்க். 'ஃபிரிசாந்தே' என்றால் அழுத்தம் குறைவு, குமிழி மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் அடங்கியும் விடும். 'டி.ஓ.சி.', 'டி.ஓ.சி.ஜி.' இரண்டும் ஒயின் எந்த இடத்தில் விளைந்தது என்பதற்கான இத்தாலியச் சான்றுகள். 'டி.ஓ.சி.' என்பது வட கிழக்கு இத்தாலியின் வெனேட்டோ, ஃபிரியூலி வெனேசியா ஜூலியா என்ற இரு பகுதிகளிலும் பரவிக் கிடக்கும் பெரிய எல்லை. 'டி.ஓ.சி.ஜி.' என்பது அதற்குள் இருக்கும் குன்றுப் பகுதிகள்: கொனெலியானோ–வல்தொபியாதெனே ஒன்று, ஆசோலோ மற்றொன்று. செங்குத்தான சரிவில் கையால் பறிக்கும் தோட்டங்கள் அங்கே அதிகம், அதனால் விலையும் கூடுதல். கொனெலியானோ–வல்தொபியாதெனே குன்றுகளை 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

திராட்சையின் பெயர் கிளேரா. குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும். 2009 வரை அந்தத் திராட்சையையே புரோசெக்கோ என்று அழைத்தார்கள். அந்த ஆண்டு பெயரை இடத்துக்கு மட்டும் உரியதாக்கினார்கள். ரோஸ் நிறப் புரோசெக்கோவுக்கு 2020-இல்தான் அனுமதி கிடைத்தது, அதில் பினோ நுவார் திராட்சை கொஞ்சம் சேரும். பழைய பாட்டில் என்று சொல்லி யாராவது 2015 ரோஸ் புரோசெக்கோ காட்டினால் நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் மீன்தான். இந்த ஒயினோடு எந்த மீனை, எப்படிச் சமைத்து வைக்கலாம்? போன முறை அயலைக் குழம்போடு குடித்துப் பார்த்தோம், ஒயின் கசந்தது, வாயும் எரிந்தது.
– வாசகி, குளச்சல்

பதில்: மீனில் குற்றமில்லை. அயலையைக் குழம்பு வைத்ததில்தான் சிக்கல். நம் மீன் குழம்பில் மூன்று விஷயங்கள் இந்த ஒயினுக்கு எதிராக நிற்கின்றன. முதலாவது மிளகாய். மிளகாயின் காரம் தூண்டும் அதே நரம்பை ஆல்கஹாலும் தூண்டும், குமிழியில் இருக்கும் கரியமில வாயுவும் நாக்கைக் குத்தும். மூன்றும் சேர்ந்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். இரண்டாவது புளி. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட மேலே போய்விட்டால் ஒயின் சப்பென்று, வெறும் சோடா போலத் தெரியும். மூன்றாவது, அரைத்து வறுத்த மசாலாவின் கனம். கிளேராவின் வாசனை பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூ என்று மிக மென்மையானது. மீன் புளிமுளத்துக்கும் தீயலுக்கும் முன்னால் அது இருக்கும் இடமே தெரியாது. அந்தக் குழம்புகளைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒயினை அதற்கு முன்பே, பொரியலோடு முடித்துவிடுங்கள்.

உப்பு, எண்ணெய், தேங்காய், மிளகு: இந்த நான்கும் புரோசெக்கோவுக்கு நன்றாகப் பொருந்தும். உப்பு ஒயினின் புளிப்பை மட்டுப்படுத்தும். பொரித்த எண்ணெயின் வழுவழுப்பைப் புளிப்பும் குமிழியும் வாயிலிருந்து கழுவிவிடும், அடுத்த வாய் புதிதாக இருக்கும். தேங்காயின் இனிப்போடு எக்ஸ்ட்ரா டிரையின் இனிப்பு ஒத்துப்போகும். மிளகின் காரம் மிளகாய்போல வாயில் தங்கி எரியாது. வெனிஸ் பக்கத்து மதுக்கடைகளிலும் புரோசெக்கோவோடு மாவு தோய்த்துப் பொரித்த சிறு மீன், கணவாய், இறால் வைப்பார்கள். மரச்சட்டத்தில் தொங்கவிட்டு உலர்த்திய காட் மீனை ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய்போலக் குழைத்துத் தருவதும் உண்டு. கடலோர ஊர்ச் சாப்பாடு இரண்டு பக்கமும் ஒன்றைத்தான் தேடுகிறது.

ஆகவே முதலில் நெத்தோலி. கால் கிலோ நெத்தோலியைத் தலை கிள்ளி, அலசி, நீர் ஒட்ட வடித்து, துணியில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். இந்த ஈரம் போகாவிட்டால் மாவு கூழாகி எண்ணெயில் உதிர்ந்துவிடும். புதிதாகப் பொடித்த மிளகு ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன் சேர்த்துப் பிரட்டிக் கால் மணி நேரம் வைக்கவும். பொரிப்பதற்குச் சற்று முன் அரிசி மாவு இரண்டு மேஜைக்கரண்டி தூவிப் புரட்டுங்கள். முன்கூட்டியே தூவினால் உப்பு விட்ட நீரில் மாவு ஊறிவிடும். தேங்காய் எண்ணெய் நன்கு காய்ந்ததும் இரண்டு கைப்பிடியாகப் பிரித்துப் போட்டு மூன்று நிமிடம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, மீன் எண்ணெய் குடிக்கும். எலுமிச்சையை அதன் மேல் பிழிய வேண்டாம். அந்தப் புளிப்பை ஒயின் பார்த்துக்கொள்ளும்.

சிப்பி இன்னும் நன்றாகப் பொருந்தும். ஓட்டைச் சுரண்டி, நாரைப் பிடுங்கி, மூடி போட்டு நான்கைந்து நிமிடம் ஆவி கட்டினால் வாய் திறக்கும். திறக்காததை எறிந்துவிடுங்கள். சதையை எடுத்து, தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, மிளகுத்தூளும் அரை கப் தேங்காய்த் துருவலும் போட்டு நீர் வற்றப் பிரட்டுங்கள். சிப்பி தானே கடல் உப்பு விடும் என்பதால் கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்பு சேர்க்க வேண்டும். கணவாயை வளையமாக நறுக்கி அதிகச் சூட்டில் இரண்டே நிமிடம் போதும், ஐந்து நிமிடம் ஆனால் ரப்பராகிவிடும். நெய்மீனைத் துண்டு போட்டு மிளகு, உப்பு மட்டும் தடவித் தோசைக்கல்லில் சுட்டாலும் நல்லது.

மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துத் தேங்காய், சீரகம், ஒரே ஒரு பச்சை மிளகாய் சேர்த்து மசித்தால் இந்த ஒயினுக்கு நல்ல துணை. அதன்மேல் சிவப்புக் குழம்பு ஊற்றாதவரை. சாளைக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு. வெனிஸ்காரர்கள் பொரித்த சாளையை நிறைய வெங்காயத்தோடும் வினிகரோடும் ஊறவைத்து, உலர் திராட்சை தூவிச் சாப்பிடுவார்கள். அதில் புளிப்பு இருந்தும் புரோசெக்கோ நிற்கிறது, ஏனென்றால் மெதுவாக வதக்கிய வெங்காயத்தின் இனிப்பு புளிப்பை அணைத்துவிடுகிறது. புளி இல்லாமல் முடியாது என்கிறவர்கள் அந்த வழியைப் பார்க்கலாம்: அரைக் கிலோ சாளைக்கு அரைக் கிலோ பெரிய வெங்காயம், வினிகர் நான்கு மேஜைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் குளிர்பெட்டியில் ஊற வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் சமையலில் எது சேரும்? ஒயினே சைவம்தானா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒயினைத் தெளிய வைக்கச் சில ஆலைகள் முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை போன்றவற்றைப் பயன்படுத்துவது உண்டு. பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளிய வைப்பவர்களும் நிறையப் பேர். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பின்பக்க லேபிளில் 'வீகன்' முத்திரை இருந்தால் மட்டும் நம்பி வாங்குங்கள்.

சாப்பாட்டில், உப்புப் போட்ட நேந்திரங்காய் உப்பேரியை முதலில் வையுங்கள். தேங்காய் எண்ணெயில் வறுத்த அந்த மொறுமொறுப்புக்கு இதைவிட நல்ல குடிபானம் கிடைப்பது அரிது. ஆப்பமும் தேங்காய்ப்பாலில் கிராம்பு, மிளகு தட்டிப்போட்ட காய்கறி இஷ்டுவும் பொருந்தும். ஓலன் நல்லது. அவியலில் மாங்காயையோ புளித்த தயிரையோ பாதியாகக் குறைத்தால் அதுவும் நன்று. பருப்பு வடையைச் சும்மா கடித்துக்கொள்ளலாம், ரச வடையாக வேண்டாம். முந்திரிக்கொத்துக்கு புரூட் ஒத்துவராது: கருப்பட்டியின் இனிப்புக்குப் பின் ஒயின் புளித்துக் கிடக்கும். அதற்கும் கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்கும் இத்தாலியின் வேறொரு நுரை ஒயினான ஆஸ்தி சரியாக இருக்கும். மஸ்கட் திராட்சையில் செய்வது, நன்றாக இனிக்கும், ஆல்கஹாலும் குறைவு.

கேள்வி: பாட்டிலைத் திறந்தபோது கார்க் பாய்ந்து டியூப் லைட்டை உடைத்துவிட்டது, பாதி ஒயின் தரையில். எப்படித் திறக்க வேண்டும்?
– வாசகர், தக்கலை

பதில்: கண்ணில் படாமல் போனதே நல்லது. ஸ்புமாந்தே பாட்டிலுக்குள் அழுத்தம் குறைந்தது 3 பார் இருக்க வேண்டும் என்பது விதி, நடைமுறையில் 5 பாருக்குப் பக்கத்தில் இருக்கும். கார் சக்கரத்தின் காற்றழுத்தம் 2 பாருக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒயின் சூடாக இருந்தால் கரியமில வாயு கரைந்திருக்க மாட்டாமல் வெளியே முட்டும். உங்கள் பாட்டில் போதுமான அளவு குளிரவில்லை, அல்லது திறப்பதற்குச் சற்று முன் குலுங்கியிருக்கிறது.

6 முதல் 8 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு போட்டுக் கழுத்துவரை மூழ்க வைத்தால் இருபது நிமிடத்தில் தயார். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்தால் இடையில் காற்றுதான் இருக்கும், பாட்டில் மெதுவாகவே குளிரும். தண்ணீர்தான் சுற்றிலும் ஒட்டிக் குளிரைக் கொடுக்கிறது. மீன் ஐஸ் வாங்கிப் போடுகிறவர்கள் பாட்டிலைத் திறக்கும் முன் கழுத்தையும் வாயையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அந்த ஐஸ் குடிக்கத் தக்கதல்ல. ஃபிரீசரில் வைத்து மறந்துவிடுவது ஆபத்து: ஒயின் உறைந்து விரிந்தால் கார்க் தள்ளப்படும் அல்லது கண்ணாடி வெடிக்கும்.

திறக்கும்போது மேல் காகிதத்தைக் கிழித்துவிட்டு, கட்டைவிரலைக் கார்க்கின் தலையில் வைத்தபடியே கம்பியின் முறுக்கை அவிழுங்கள், வழக்கமாக ஆறு அரைச்சுற்று. கம்பிக்கூட்டைக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். ஒரு துணியால் கார்க்கையும் கூட்டையும் சேர்த்து இறுகப் பிடித்து, பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசைக்காமல் பாட்டிலின் அடியைச் சுழற்றுங்கள். கார்க் தானாக மேலே வரத் தொடங்கும். அப்போது அதைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து வேகத்தைத் தடுக்க வேண்டும். 'டப்' என்று கேட்கக் கூடாது, 'உஸ்' என்று மூச்சு விட்டால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

ஊற்றும்போது முதலில் ஒரு விரல் அளவு, நுரை அடங்கியபின் மீதி, கிளாஸில் மூன்றில் இரண்டு பங்கு. எவர்சில்வர் தம்ளர் வேண்டாம், வாசனையும் நிறமும் தெரியாது. நடுவில் பருத்து வாய் சற்றுக் குவிந்த சாதாரண ஒயின் கிளாஸ் போதும். உயரமான ஒல்லிக் கிளாஸ் அழகாக இருந்தாலும் வாசனை சேர அதில் இடமில்லை. பாத்திரம் கழுவும் சோப்பின் படலமும் பொரியல் எண்ணெயும் கிளாஸில் ஒட்டியிருந்தால் நுரை நிற்கவே நிற்காது. நிறையப் பேர் ஒயின் மட்டம் என்று முடிவு கட்டுவது இதை வைத்துத்தான். வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: ஏழு வருடங்களுக்கு முன் வந்த புரோசெக்கோ அலமாரி மேலேயே இருக்கிறது. பழசானால் ருசி கூடும் என்கிறார்களே?
– வாசகர், குலசேகரம்

பதில்: புரோசெக்கோவுக்கு அது பொருந்தாது. ஷாம்பெயினில் இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடந்து, ஈஸ்ட் மண்டியோடு மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். புரோசெக்கோவுக்குப் பெரும்பாலும் அது மூடிய ஸ்டீல் தொட்டியில் நடக்கிறது. இத்தாலியில் மார்தினோத்தி 1895-இல் காப்புரிமை பெற்று, பின்னர் பிரான்சின் ஷார்மா மேம்படுத்திய முறை அது. பழத்தின் புது வாசனையைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. அந்த வாசனை ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும். நம் ஊர் அலமாரி மேல் 30 டிகிரிக்கு மேல் சூட்டில் இன்னும் வேகமாக. திறந்து பாருங்கள்: மூச்சு விடாமல் கார்க் வந்தால், நிறம் கரும்பொன்னாக இருந்தால், அடிபட்டுப் பழுத்த ஆப்பிள் வாசனை அடித்தால் அது முடிந்துபோனது. குடித்தால் கெடுதல் செய்யாது, ரசிக்கவும் எதுவும் இருக்காது. இறால் வதக்கும் சட்டியில் அரைக் கப் ஊற்றி வற்றவிட்டுப் பயன்படுத்தலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். ஒரு கிளாஸ் குடிக்கலாமா?
– வாசகர், கொட்டாரம்

பதில்: சர்க்கரைக் கணக்கை மட்டும் சொல்கிறோம்: 125 மி.லி. கிளாஸில் புரூட் என்றால் அதிகபட்சம் ஒன்றரை கிராம், டிரை என்றால் 4 கிராம் வரை. ஆனால் ஆபத்து சர்க்கரையில் மட்டுமில்லை. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஆல்கஹால் சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்திவிடக்கூடும், சில மணி நேரம் கழித்தும் அது நடக்கும். உங்கள் மருந்துச் சீட்டைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

கேள்வி: மகள் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வருகிறாள். எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? அதில் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்?
– வாசகி, களியக்காவிளை

பதில்: வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவருக்குச் சுங்க வரி இல்லாமல் 2 லிட்டர் வரை மது அனுமதி. 750 மி.லி. பாட்டில் என்றால் இரண்டு. பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் விடமாட்டார்கள் என்பதால் பெரிய பெட்டியின் நடுவில், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடித்த துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருவதால் வாங்கிய ரசீது கையில் இருக்கட்டும். கலால் துறையின் அப்போதைய விதியையும் முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காதீர்கள், பயணத்தில் குலுங்கியது அடங்க ஒரு நாளாவது குளிர்பெட்டியில் அசையாமல் கிடக்கட்டும். காரிலேயே வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது கூடவே கூடாது.

ஒரு பாட்டிலில் 125 மி.லி. கணக்கில் ஆறு கிளாஸ். வாழ்த்துச் சொல்லி ஒரு மடக்கு என்றால் 100 மி.லி. கணக்கில் ஏழு பேர். ஒரு கிளாஸில் கிட்டத்தட்ட 11 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. குமிழி உள்ள ஒயின் தலைக்குச் சீக்கிரம் ஏறும் என்பதால் வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். வண்டி ஓட்டப் போகிறவருக்கு ஒரு மடக்கும் வேண்டாம்.

கேள்வி: பழச்சாறு கலந்து குடிப்பார்களாமே? நம் ஊர்ப் பழத்தில் செய்ய முடியுமா?
– வாசகி, திருவட்டாறு

பதில்: வெனிஸில் ஹாரிஸ் பாரில் பிறந்த பெல்லினி என்பதைச் சொல்கிறீர்கள்: வெள்ளைப் பீச் பழக்கூழ் ஒரு பங்கு, புரோசெக்கோ இரண்டு பங்கு. பீச்சுக்குப் பதில் நன்கு கனிந்த செங்கவருக்கை மாம்பழம் எடுக்கலாம். அரைத்து வடிகட்டி நார் நீக்கிக் குளிரவைத்த கூழ் 50 மி.லி. முதலில் கிளாஸில். அதன்மேல் 100 மி.லி. குளிர்ந்த புரூட்டை மூன்று தவணையாக, கிளாஸைச் சாய்த்து ஊற்றுங்கள். கூழில் உள்ள நுண்துகள்கள் குமிழியைக் கிளப்பும் என்பதால் ஒரேயடியாக ஊற்றினால் மேஜை நனையும். கரண்டியால் ஒரு முறை மட்டும் அடியிலிருந்து தூக்கிவிட்டால் போதும். மட்டிப்பழம் இதற்கு ஒத்துவராது, கூழ் கெட்டியாகி அடியில் தங்கிவிடும். இதற்கு விலை உயர்ந்த டி.ஓ.சி.ஜி. பாட்டிலைத் திறக்க வேண்டாம், மாம்பழ வாசனை அதை மூடிவிடும்.

கேள்வி: பாதி மிஞ்சினால் வாயில் ஸ்பூன் போட்டு வைத்தால் நுரை போகாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், இரணியல்

பதில்: ஸ்பூனால் ஒரு பயனும் இல்லை. நுரை கொஞ்சம் நிற்பதாகத் தெரிந்தால் அது குளிர்பெட்டியின் வேலை. பாட்டில் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின் மூடி கிடைக்கிறது, ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றிய கார்க் திரும்ப உள்ளே போகாது, அடித்து இறக்க முயன்றால் கழுத்து உடையும். மூடி போட்டு நிமிர்த்தி வைத்தால் மறுநாள் நன்றாக இருக்கும், அதற்கு அடுத்த நாள் சுமாராக இருக்கும். படுக்கப்போட்டால் ஒயின் காற்றில் படும் பரப்பு கூடும், நுரை சீக்கிரம் போய்விடும்.